12 நாணயம், 3 எடை: எங்கே தொடங்குவது?

பார்க்க ஒரே மாதிரி இருக்கும் 12 நாணயங்கள். ஒன்று போலி. அது கனமா, லேசா என்பது தெரியாது. இருதட்டுத் தராசில் மூன்றே முறை நிறுத்து, போலி எது, கனமா லேசா என்று சொல்ல வேண்டும். "ஆறு ஆறாகப் பிரித்துப் போட்டேன், அதற்கு மேல் நகரவே முடியவில்லை. எப்படி யோசிப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆறு ஆறாகப் போடத்தான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். ஆனால் இந்தப் புதிரில் எண்ண வேண்டியது சாத்தியங்களை. 12 நாணயத்தில் எதுவும் கனமாகவோ லேசாகவோ இருக்கலாம் என்பதால் மொத்தம் 24 சாத்தியங்கள். தராசு சொல்லக்கூடிய பதில் மூன்று: இடது இறங்கும், வலது இறங்கும், சமமாக நிற்கும். ஒரு எடையில் 3, இரண்டில் 9, மூன்றில் 27 பதில்கள். ஆகவே முதல் எடைக்குப் பிறகு 9 சாத்தியங்களுக்கு மேல் மிஞ்சவே கூடாது. ஆறுக்கு ஆறு போட்டால் தராசு சமமாக நிற்க வழியே இல்லை. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் 12 மிஞ்சும். மூன்றுக்கு மூன்று போட்டுச் சமமானாலும் அதே 12தான். நாலுக்கு நாலு போட்டால் மட்டும் எந்தப் பதில் வந்தாலும் 8.

சரி, நாணயங்களுக்கு எண் போட்டுக்கொள்ளுங்கள். 1, 2, 3, 4 இடது தட்டில். 5, 6, 7, 8 வலது தட்டில். சமமாக நின்றால் சுலபம். இந்த எட்டும் நல்லவை. 9, 10, 11ஐ 1, 2, 3க்கு எதிரே வையுங்கள். சாய்ந்தால், அந்த மூன்றில் போலி இருப்பதும் அது கனமா லேசா என்பதும் தெரிந்துவிடும். 9ஐயும் 10ஐயும் நிறுத்தால் முடிந்தது. சமமானால் 12தான் போலி. அதை ஒரு நல்ல நாணயத்தோடு நிறுத்துப் பாருங்கள்.

பலரும் திணறுவது, முதல் எடையிலேயே தராசு சாயும்போதுதான். இடது இறங்கியது என்று வைத்துக்கொள்வோம். 1 முதல் 4 வரை ஒன்று கனம், இல்லையேல் 5 முதல் 8 வரை ஒன்று லேசு. இப்போது சிலவற்றைத் தட்டு மாற்ற வேண்டும், இரண்டை வெளியே எடுக்க வேண்டும். இடதில் 1, 2, 5. வலதில் 3, 4, 6. வெளியே 7, 8.

சமமானால் 7, 8 இரண்டில் ஒன்று லேசு. அவற்றை எதிரெதிரே வைத்தால் தெரிந்துவிடும். மறுபடி இடதே இறங்கினால் 1 அல்லது 2 கனம், இல்லையேல் 6 லேசு. 1ஐயும் 2ஐயும் நிறுங்கள்: இறங்குவது போலி, சமமானால் 6. வலது இறங்கினால் 3 அல்லது 4 கனம், இல்லையேல் 5 லேசு; 3ஐயும் 4ஐயும் அதே போல நிறுங்கள். முதல் எடையில் வலது இறங்கியிருந்தால், கனம் என்ற இடத்தில் லேசு, லேசு என்ற இடத்தில் கனம், இறங்கும் என்ற இடத்தில் ஏறும் என்று மாற்றிக்கொண்டால் போதும்.

இது பிடிபட்டதும் 13 நாணயத்துக்கு முயன்று பாருங்கள். 26 சாத்தியங்கள்தானே, 27க்குள் அடங்குமே என்று தோன்றும். ஆனால் நாலுக்கு நாலு போட்டுச் சமமானால் 10 மிஞ்சும். ஐந்துக்கு ஐந்து போட்டுச் சாய்ந்தாலும் 10. மீதி இரண்டு எடையில் 9க்கு மேல் பிரிக்க முடியாது.