ஒட்டிக்கொண்ட நஞ்சு அழிந்துவிட்டதா?

கேள்வி: கார்பன் நானோ குழாய்ப் (கார்பன் அணுக்களாலான மிக நுண்ணிய குழல்) படலத்தில் வாயுவை உணரும் சென்சார் செய்தோம். நைட்ரஜன் டையாக்சைடு பட்டதும் மின்தடை சட்டென இறங்குகிறது. வாயுவை நிறுத்திய பிறகும் பழைய நிலைக்கு வருவதில்லை. மழை நாளில் வாயுவே இல்லாமல் அளவு தடுமாறுகிறது. தவறு எங்கே?

பதில்: முதல் சிக்கலுக்கு உங்கள் கைவேலை காரணமல்ல. காற்றில் இருக்கும் குறைகடத்திக் குழாயில் மின்னோட்டத்தைச் சுமப்பவை துளைகள், அதாவது எலக்ட்ரான் இல்லாத வெற்றிடங்கள். நைட்ரஜன் டையாக்சைடு எலக்ட்ரானைப் பறிப்பதால் துளைகள் பெருகி மின்தடை இறங்குகிறது. அமோனியா எலக்ட்ரானைத் தருவதால் ஏறுகிறது. பறித்த மூலக்கூறு சுலபத்தில் இடத்தை விட்டு எழாது. 2000-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழு 200 பிபிஎம் (பத்து லட்சத்தில் 200 பங்கு) நைட்ரஜன் டையாக்சைடைச் செலுத்தியபோது கடத்துதிறன் நொடிகளில் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு உயர்ந்தது. தூய ஆர்கானில் அது மீள ஏறக்குறைய 12 மணி நேரம் பிடித்தது. 200 டிகிரி செல்சியஸில் சூடாக்கியபோது அது சுமார் ஒரு மணி நேரமாகக் குறைந்தது. ஆகவே படலத்துக்கு அடியில் சிறு சூடேற்றி வையுங்கள், அல்லது புற ஊதா எல்இடி ஒளியைப் பாய்ச்சுங்கள். அளவு நிலைபெறும்வரை காத்திருக்காமல் தொடக்கத்தில் மின்தடை இறங்கும் வேகத்தை மட்டும் கணக்கில் எடுத்தால் படலம் நிரம்புவதற்குள் விடை கிடைத்துவிடும்.

மழை நாள் தடுமாற்றம் நீராவியால் வருவது. அதே படலத்தில் இன்னொன்றைச் செய்து, வாயு படாமல் ஈரம் மட்டும் படும்படி மூடி, இரண்டின் வித்தியாசத்தை எடுங்கள். 20, 50, 80 சதவீத ஈரப்பதங்களில் தனித்தனியே அளவுத்திருத்தம் செய்யாத சென்சாரை வெளியில் கொண்டுபோகவே கூடாது.

படலத்தின் தடிமனையும் பாருங்கள். பிரிக்கப்படாத ஒற்றைச் சுவர்க் குழாய்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று உலோகத்தன்மை கொண்டது. படலம் தடித்தால் அவை ஒன்றோடொன்று தொட்டுக் குறுக்கு வழி போட்டுவிடும்; அதன் பிறகு எந்த வாயு வந்தாலும் மாற்றம் மங்கலாகவே தெரியும். மீயொலியில் அதிக நேரம் கலக்கினாலும் குழாய்கள் துண்டாகிக் கெடும். சொட்டுவிட்டுக் காயவைத்தால் ஓரத்தில் வளையம் கட்டும், தெளிப்பதே நல்லது.

கேள்வி: பாதுகாப்பு உடையில் வைக்கும் கரித்துணி, சாரின் போன்ற நரம்பு நச்சை அழிக்கிறதா, பிடித்து மட்டும் வைக்கிறதா?

பதில்: வெறும் கரி பிடிக்கிறது, அவ்வளவுதான். சூடு ஏறினால் பிடித்ததைத் திரும்ப விடவும் கூடும். அழிப்பதற்கு வினையூக்கி வேண்டும். சாரினில் பாஸ்பரஸ்-ஃப்ளூரின் பிணைப்பை நீர் வெட்ட வேண்டும். சிர்கோனியம் கொண்ட உலோக-கரிமச் சட்டகங்களைக் (உலோக அணுக்களைக் கரிம மூலக்கூறுகள் இணைக்கும் நுண்துளைப் பொருள்) கார்பன் இழைமேல் வளர்ப்பது இதற்காகவே. ஆய்வகக் கரைசலில் வேலை மளமளவென நடக்கும், அங்கே காரத்தன்மையை நிலையாக வைக்கும் தாங்கல் கரைசல் இருக்கிறது. உலர்ந்த துணியில் அது இல்லை. வெட்டுண்ட விளைபொருளும் ஹைட்ரஜன் ஃப்ளூரைடும் வினையூக்கியின்மேல் ஒட்டி அதை முடக்கிவிடும். அதனால்தான் காரத்தின் வேலையைச் செய்யப் பாலிஎத்திலீனிமைன் போன்ற அமீன் பாலிமரையும் கூடவே பூசுகிறார்கள்.

சோதிக்கும்போது பெரிய ஏமாற்றம் ஒன்று காத்திருக்கிறது. திரவத்தில் நச்சு குறைந்ததை மட்டும் அளந்தால் கரி உறிஞ்சியதும் அழிந்ததாகவே தோன்றும். உண்மையான நச்சுக்குப் பதிலாக நைட்ரோஃபீனைல் பாஸ்பேட் வகை மாற்றுப்பொருளைப் பயன்படுத்தி, மஞ்சள் நிறம் எழுவதை அளந்தால் எதிர்ப்பிழை வரும்: அந்த நிறத்தைத் தரும் நைட்ரோஃபீனாலையும் கரியே விழுங்கிவிடும். துணியைக் கரைப்பானில் நன்கு அலசி, வெளிவந்ததையும் சேர்த்துப் பாஸ்பரஸ் எந்தச் சேர்மத்தில் இருக்கிறது எனக் காட்டும் பாஸ்பரஸ்-31 என்எம்ஆரில் (அணுக்கரு காந்த ஒத்ததிர்வு) பாருங்கள். சென்சார் சோதனையில் சாரினுக்கு மாற்றாக உதவும் டிஎம்எம்பி என்ற பாஸ்பரஸ் சேர்மம் இங்கே பொருந்தாது, ஃப்ளூரினோ நைட்ரோஃபீனைலோ போல எளிதில் வெட்டுண்டு பிரியும் பகுதி அதில் இல்லை.

கேள்வி: கரி வடிகட்டி முகமூடி கார்பன் மோனாக்சைடைத் தடுக்குமா?

பதில்: தடுக்காது. அதன் கொதிநிலை மைனஸ் 191 டிகிரி செல்சியஸ். அறை வெப்பநிலையில் கரியில் அது தங்காது. மாங்கனீசு, செப்பு ஆக்சைடுகள் கலந்த ஹாப்கலைட் அதைக் கார்பன் டையாக்சைடாக மாற்றும். ஈரம் பட்டால் ஹாப்கலைட் செயலிழக்கும் என்பதால் முன்னால் உலர்த்தி அடுக்கு கட்டாயம்.