அங்கே மட்டும் எப்படிக் கேட்கிறார்?

வணக்கம். என் கணவர் பல வருடம் குடித்தார். எட்டு மாதமாகத் தொடவில்லை. டாக்டரிடம் போனார், மாத்திரை எடுத்தார், அப்புறம் குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டங்களுக்குப் போக ஆரம்பித்தார். சந்தோஷம்தான். ஆனால் இப்போது வாரத்தில் நான்கு மாலை அங்கேதான் இருக்கிறார். ராத்திரி பதினொரு மணிக்கு யாராவது போன் செய்தால் எழுந்து வெளியே போய்ப் பேசுகிறார். வருடக்கணக்கில் அழுது, சண்டைபோட்டு, காலில் விழாத குறையாக நான் சொன்னதைத்தானே அவர்களும் சொல்கிறார்கள்? முன்பின் தெரியாதவர்கள் சொன்னால் மட்டும் எப்படிக் காதில் ஏறுகிறது? இனி குறைத்துக்கொள்ளச் சொல்லலாமா? பத்து வயது மகள் வேறு, அப்பா தினமும் எங்கே போகிறார் என்று கேட்கிறாள். என் பெயரை வெளியிட வேண்டாம்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நீங்கள் சொன்னது அவர் காதில் ஏறாமல் போனதற்கு நீங்கள் சொன்ன விதம் காரணமில்லை. இதை முதலில் நம்புங்கள். குடிக்கிறவர் மனைவிக்கு முன்னால் எப்போதும் கடன்காரராகத்தான் நிற்கிறார். மீறிய சத்தியங்கள், தொலைத்த பணம், மகளின் பள்ளி விழாவுக்கு வராமல் போனது என்று கணக்கு நீண்டுகொண்டே போகிறது. நீங்கள் அன்பாக ஒரு வார்த்தை சொன்னாலும் அவருக்கு அது வட்டி கேட்பதுபோலத்தான் கேட்கும். அந்த வெட்கத்தை ஆற்றிக்கொள்ள அவருக்குத் தெரிந்த ஒரே வழியும் குடிதான். அங்கே உட்கார்ந்திருப்பவர்களிடம் அவருக்கு அந்தக் கணக்கு கிடையாது.

அங்கே அறிவுரை சொல்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள். வெளியாட்களையும் அனுமதிக்கும் திறந்த கூட்டங்களுக்கு ஒரு நண்பருடன் போயிருக்கிறேன். ஒருவர் பேசினால் மற்றவர்கள் குறுக்கே பேசுவதில்லை. "நீ இப்படிச் செய்திருக்கலாம்" என்று யாரும் சொல்வதில்லை. அவரவர் தம் கதையை மட்டும் சொல்கிறார்கள். புதிதாக வந்த ஒருவர் தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அப்படியும் தண்ணீர் தளும்பியது. சுற்றியிருந்த எல்லோருக்கும் அந்த நடுக்கம் தெரியும், ஒருவர்கூட அந்தக் கையைப் பார்க்கவில்லை. அவர் பேசும்போது அழுதார். அடுத்தவர் எழுந்து, தானும் மகன் பணத்தைத் திருடிக் குடித்ததாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான். எவ்வளவு அன்பு இருந்தாலும் நீங்களோ நானோ அதைத் தர முடியாது.

ஏ.ஏ. பிறந்ததே இப்படித்தான். நியூயார்க்கின் பங்குச்சந்தை ஆள் பில் வில்சன் 1934 டிசம்பரில் குடியை விட்டார். அடுத்த சில மாதங்கள் மற்ற குடிகாரர்களைத் திருத்தப் பாடுபட்டார், ஒருவர்கூடத் தேறவில்லை. அலுத்துப்போனவரிடம் அவர் மனைவி லோயிஸ்தான் சுட்டிக்காட்டினார்: அவர்கள் விடாவிட்டாலும், நீங்கள் குடிக்காமல் இருக்கிறீர்களே! 1935 மே மாதம் அமெரிக்காவின் அக்ரன் நகரில் ஒரு வியாபாரம் கைநழுவிய நிலையில் ஹோட்டலில் தனியாக நின்றார் வில்சன். பக்கத்திலேயே பார். உள்ளே போகாமல், பேசுவதற்கு இன்னொரு குடிகாரர் கிடைப்பாரா என்று போனில் தேட ஆரம்பித்தார். அப்படிக் கிடைத்தவர் டாக்டர் பாப் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர். பதினைந்து நிமிடம்தான் என்று சொல்லிக்கொண்டு வந்தவர் மணிக்கணக்காகப் பேசினார். இந்த நோயைப் பட்டு அறிந்து தன்னிடம் பேசிய முதல் மனிதர் வில்சன்தான் என்று பிறகு எழுதினார். அதன் பின்னும் ஒருமுறை சறுக்கினார். அவர் கடைசியாகக் குடித்த நாளாகச் சொல்லப்படும் 1935 ஜூன் 10ஐத்தான் ஏ.ஏ. தன் பிறந்தநாளாகக் கொள்கிறது.

பதினொரு மணி போனையும் இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். அந்தப் பக்கம் இருப்பவர் அநேகமாகப் பாட்டில் எட்டும் தூரத்தில் இருக்கிறார். அவரைக் குடிக்காமல் தூங்க வைக்கப் பேசுகிற உங்கள் கணவரும் அன்றிரவு குடிக்காமல் தூங்குகிறார்.

இதெல்லாம் வெறும் நம்பிக்கை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து அலசியது. குடியை அறவே விட்டு நிற்பதில், முறையாக ஏ.ஏ.யோடு இணைக்கும் சிகிச்சை மற்ற உளவியல் சிகிச்சைகளைவிட நன்றாகவே வேலை செய்தது. அதற்காக மாத்திரையைத் தூக்கிப்போடச் சொல்லிவிடாதீர்கள், அது டாக்டர் முடிவு செய்ய வேண்டியது. இதைப் படிக்கிற வேறு வீட்டாருக்கும் ஒன்று சொல்கிறேன். நாள் தவறாமல் நிறையக் குடிப்பவர் வீம்புக்குத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், ஜன்னி கண்டு உயிரே போகலாம். நிறுத்துவதை மருத்துவர் கண்காணிப்பில் செய்யுங்கள்.

குறைக்கச் சொல்லலாமா? வேண்டாம். எட்டு மாதம் பெரிய விஷயம், ஆனால் ஒரு சம்பள நாளும் ஒரு பழைய நண்பரும் சேர்ந்து வந்தால் இன்னும் ஆட்டிப் பார்க்கக்கூடிய கட்டம். அதற்குப் பதில் உங்களுக்கு வேண்டியதைக் கேளுங்கள். "ஏன் எப்போதும் அங்கேயே கிடக்கிறீர்கள்" என்றால் பழைய கணக்கு திறந்துவிடும். "வியாழக்கிழமை சாயங்காலம் எனக்கும் பாப்பாவுக்கும் வேண்டும்" என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் கிடைக்கும்.

உங்கள் பொறாமையை நினைத்துக் குறுகிப்போக வேண்டாம். அதே லோயிஸ் ஒருநாள், கூட்டத்துக்குக் கிளம்பிய வில்சன் மேல் கோபத்தில் செருப்பை வீசியிருக்கிறார். வருடக்கணக்கில் தன்னால் முடியாததை ஊர்பேர் தெரியாதவர்கள் செய்துவிட்டார்களே என்ற ஆற்றாமை. அந்தக் கோபத்தைக் கிளறிப் பார்த்தபோதுதான், தனக்கும் ஆட்கள் வேண்டும் என்று அவருக்குப் புரிந்தது. 1951இல் அவரும் இன்னொரு பெண்ணும் சேர்ந்து, குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்காக அல்-அனான் அமைப்பைத் தொடங்கினார்கள். உங்களுக்கும் அப்படி ஒரு கூட்டம் வேண்டும். கணவரைக் காப்பாற்றுவதற்காகப் போகாதீர்கள். ராத்திரி கதவு திறக்கும் சத்தத்தில் மூச்சு வாசனையைத் தேடி விழித்துப் பழகிய உங்கள் உடம்பு எட்டு மாதத்தில் அதை மறந்திருக்காது. அதைச் சொன்னால் புரிந்துகொள்கிறவர்கள் உங்களுக்கு வேண்டும்.

மகளிடம் பொய் சொல்ல வேண்டாம். அவள் பார்த்தது உங்களுக்குத் தெரிந்ததைவிட அதிகம் இருக்கும். அப்பாவுக்கு ஒரு நோய், அது மறுபடி வராமல் இருக்க அங்கே போகிறார், அது உன்னால் வந்ததில்லை என்று சொன்னால் போதும். கடைசி வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள், குழந்தைகள் அதைக் கேட்காமலே சுமப்பார்கள். ஆனால் அவரைக் கலந்துகொள்ளாமல் சொல்லாதீர்கள், முடிந்தால் அவரே சொல்லட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள்.

அன்புடன்.