கதவு லாக்கும் வைப்பரும் தானாக இயங்குகின்றன, காலையில் பேட்டரியும் இறங்கிவிடுகிறது. பாடி கன்ட்ரோல் மாட்யூல் போய்விட்டது என்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா?

உடனே மாற்றாதீர்கள். லாக், வைப்பர் போன்றவற்றை ஆட்டிவைக்கும் சின்னக் கம்ப்யூட்டர்தான் அந்த மாட்யூல். நீங்கள் சொல்லும் இதே தொல்லைகளோடு போய், இதே தீர்ப்பைக் கேட்டு, ஒரு மாட்யூலை வாங்கி, அது உதவாமல் பரணில் போட்டு வைத்திருப்பவன் நான். இத்தனைக்கும் கடைசியில் என் பழைய மாட்யூல் நிஜமாகவே கெட்டிருந்தது. மெக்கானிக் சொன்ன விடை சரி, கணக்குத்தான் தப்பு. அந்தத் தப்புக் கணக்கில் எனக்கு இரண்டு மாதம் போயிற்று.

என் காரில் முதலில் ஆரம்பித்தது சென்டர் லாக். நிறுத்திவைத்த வண்டி ராத்திரியில் டக் டக் என்று தானே பூட்டிக்கொள்ளும், தானே திறந்துகொள்ளும். அடுத்து வைப்பர், காய்ந்த கண்ணாடியை வரட் வரட்டென்று தேய்க்கும், நிற்கும். பிறகு காலையில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் முனகும். ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரைச் செருகினார்கள். யு0140 என்று ஒரு பிழைக் குறியீடு வந்தது. பாடி கன்ட்ரோல் மாட்யூலோடு, அதாவது பிசிஎம்மோடு (BCM), தொடர்பு அறுந்தது என்று அதற்குப் பொருள். “அவ்வளவுதான் சார், பிசிஎம் போச்சு” என்றார்கள்.

நான் அங்கேயே யோசித்திருக்க வேண்டும். அந்தக் குறியீட்டை எழுதிவைத்தது பிசிஎம் இல்லை, மற்ற மாட்யூல்கள். “கூப்பிட்டேன், பதில் வரவில்லை” என்று அவை குறித்துவைக்கின்றன. பதில் வராததற்கு ஆள் செத்திருக்க வேண்டும் என்றில்லையே, பட்டினியில் மயங்கியும் கிடக்கலாம். பேட்டரி ஒருமுறை அடியோடு இறங்கினாலே இந்த மாதிரிக் குறியீடுகள் ஏழெட்டுப் பதிவாகிவிடும். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, அழித்துவிட்டு, பேட்டரியை முழுசாக ஏற்றி, இரண்டு நாள் ஓட்டிய பிறகு எது திரும்பி வருகிறதோ அதைத்தான் நம்ப வேண்டும். போனில் புளூடூத்தில் இணைக்கும் மலிவான ரீடர்கள் பெரும்பாலும் எஞ்சின் குறியீடுகளோடு நின்றுவிடும். பி (B), யு (U) என்று ஆரம்பிக்கும் குறியீடுகளையும், எந்தச் சுவிட்சு இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பது போன்ற நேரடி அளவுகளையும் காட்டும் ஸ்கேனர் தேவை.

நான் இதையெல்லாம் செய்யவில்லை. உடைப்புக்குப் போன அதே மாடல் வண்டியிலிருந்து ஒரு பிசிஎம்மைக் கொண்டுவந்து மாட்டச் சொன்னேன். செல்ஃப் சுற்றியது, எஞ்சின் பிடிக்கவில்லை. மீட்டரில் பூட்டுச் சின்னம் கண்சிமிட்டியது. பல கார்களில் திருட்டுத் தடுப்பு இம்மொபிலைசரும் பிசிஎம்முக்குள்தான் இருக்கிறது. அந்த மாட்யூலுக்குத் தெரிந்தது பழைய வண்டியின் சாவி, என் சாவி அதற்கு அந்நியம். கழற்றி என்னுடையதையே திரும்ப மாட்டியதும் வண்டி கிளம்பியது, லாக்கும் பழையபடி டக் டக்.

பிறகுதான் ஒரு வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனேன். அவர் ஸ்கேனர் பக்கமே போகவில்லை. முன்சீட்டு மிதியடியை எடுத்துவிட்டு, கார்ப்பெட்டுக்கு அடியில் கையை விட்டுப் பஞ்சை அழுத்தினார். விரல் இடுக்கில் தண்ணீர் வந்தது. “வண்டி மழையில வெளியவா நிக்குது தம்பி?” என்றார்.

முன் கண்ணாடிக்குக் கீழே, பானெட் முடிகிற இடத்தில் மழைநீர் வடிய ஒரு வாய்க்கால் உண்டு. அதன் துவாரங்களைச் சருகு அடைத்திருந்தது. தேங்கிய தண்ணீர் வயர்கட்டு உள்ளே நுழையும் ஓட்டை வழியாக, வயரைப் பிடித்தபடியே இறங்கி, டாஷ்போர்டின் ஓரத்தில் இருந்த பிசிஎம்மின் கனெக்டருக்கு வந்து சேர்ந்திருந்தது. பின்களில் பச்சைக் களிம்பு. சன்ரூஃப் உள்ள வண்டியில் அதன் வடிகுழாயும், ஏசி தண்ணீர் வெளியேறும் குழாயும் இதே வேலையைச் செய்யும்.

களிம்புக்கும் கதவு லாக்குக்கும் என்ன சம்பந்தம்? லாக் சுவிட்சிலிருந்து மோட்டாருக்கு நேராக வயர் போவதில்லை. சுவிட்சு ஒரு சின்ன சைகையைத்தான் பிசிஎம்முக்கு அனுப்புகிறது, அது முடிவெடுத்து மோட்டாருக்குக் கரன்ட் விடுகிறது. பெரும்பாலும் அந்தச் சைகை என்பது ஒரு வயரின் வோல்டேஜ் எர்த்துக்கு இறங்குவது, அவ்வளவே. பக்கத்துப் பக்கத்துப் பின்களுக்கு இடையே ஈரக் களிம்பு இருந்தால் கரன்ட் கசிந்து அந்த வோல்டேஜ் பாதியில் தள்ளாடும். பிசிஎம்முக்கு அது யாரோ சுவிட்சை அழுத்துகிற மாதிரியே தெரியும். பைத்தியம் பிடித்தது போல ஆடினாலும், கிடைத்த உத்தரவுக்குக் கீழ்ப்படிந்துதான் ஆடியது. உத்தரவு வந்துகொண்டே இருந்ததால் ராத்திரியில் தூங்கவும் போகவில்லை, அதனால்தான் பேட்டரி இறங்கியது. அன்றைக்கு புது மாட்யூலை மாட்டியிருந்தால் அதுவும் அடுத்த மழையில் இதே ஆட்டம் ஆடியிருக்கும்.

பின்களைச் சுத்தம் செய்து, காயவைத்து, வாய்க்காலைத் திறந்துவிட்டோம். லாக் சாதுவாகிவிட்டது. நிறுத்திய வண்டி எவ்வளவு கரன்ட் குடிக்கிறது என்று பார்க்க, பேட்டரியின் நெகட்டிவில் மீட்டரைத் தொடராக மாட்டி, கதவுகளைப் பூட்டி, சாவியைத் தூரமாக வைத்துவிட்டு அரை மணி நேரம் காத்திருந்தோம். கரன்ட் 30 மில்லி ஆம்பியருக்குக் கீழே இறங்கி நின்றது. 50-ஐத் தாண்டாதவரை பொதுவாகக் கவலை இல்லை. பாதியில் கதவைத் திறந்தால் எல்லாம் விழித்துக்கொள்ளும், மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். எனக்கு அது மூன்று தடவை நடந்தது.

ஆனால் வைப்பர் மட்டும் மோசமாகிவிட்டது. இக்னிஷன் போட்டால் ஓடும், நிற்கவே நிற்காது.

பிசிஎம்மைக் குற்றம் சொல்ல மூன்று விஷயங்கள் நிரூபணமாக வேண்டும்: அதற்குச் சாப்பாடு ஒழுங்காகப் போகிறது, அதற்கு வரும் தகவல் சரி, அப்படியும் அது வெளியே அனுப்புவது தப்பு. சாப்பாடு என்றால் பேட்டரி லைனும் எர்த்தும். இதை வெறும் மல்டிமீட்டரால் பார்த்தால் ஏமாறுவீர்கள். ஒரே ஓர் இழை ஒட்டிக்கொண்டிருக்கும் வயரும் மீட்டரில் 12 வோல்ட் காட்டும். இன்டிகேட்டரின் 21 வாட் பல்பு ஒன்றைக் குறுக்கே மாட்டி, அது பிரகாசமாக எரிகிறதா, எரியும்போது எர்த் வயரின் இரண்டு முனைகளுக்கு நடுவே 0.1 வோல்டுக்குமேல் விழுகிறதா என்று பார்த்தார் பெரியவர். சரியாக இருந்தது. மாட்யூல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் கேன் பஸ் வயர்களையும் ஒரு கை பார்த்தார். பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்கேனரைச் செருகும் ஓபிடி சாக்கெட்டின் 6, 14 பின்களுக்கு நடுவே ஓம் பார்த்தால் 60-ஐ ஒட்டி வர வேண்டும், இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருப்பதால். 120 வந்தால் ஒரு பக்கம் அறுந்திருக்கிறது.

அப்புறம்தான் ஸ்கேனரை எடுத்தார். நேரடி அளவில் வைப்பர் சுவிட்சு ‘ஆஃப்’, பிசிஎம்மின் கட்டளையும் ‘ஆஃப்’. நான் மாட்யூல்தான் என்று குதித்தேன், அவர் கையமர்த்தினார். வைப்பர் மோட்டாருக்குள் ‘கை படுக்கைக்கு வந்துவிட்டது’ என்று சொல்லும் ஒரு பார்க் சுவிட்சு உண்டு. அது கெட்டாலும் வைப்பர் நிற்காது. அந்தச் சைகை ஒவ்வொரு வீச்சுக்கும் ஒழுங்காக மாறியது. கடைசியாக இக்னிஷனை அணைத்து, வைப்பர் வயர் வரும் கனெக்டரை மட்டும் பிசிஎம்மிலிருந்து உருவிவிட்டு, மறுபடி இக்னிஷன் போட்டார். வைப்பர் அசையவில்லை. வழியில் வேறெங்கோ கரன்ட் தொட்டிருந்தால் உருவிய பிறகும் ஓடியிருக்கும். ஆக, கரன்ட் பிசிஎம்முக்குள்ளிருந்துதான் வருகிறது. பிரித்துப் பார்த்தால், பலகையில் பற்றவைத்திருந்த வைப்பர் ரிலேயின் முனைகள் ஒட்டிப்போயிருந்தன. ஈரத்தில் ஓயாமல் தட்டித் தட்டி வந்த வினை. ரிலேயை மட்டும் மாற்றலாம்தான், கை தேர்ந்தவர்கள் செய்வார்கள். என் பலகையில் தடங்களும் அரித்திருந்ததால் புதிதே வாங்கினேன்.

மாட்டுவது பத்து நிமிட வேலை. பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, சில நிமிடம் விட்டு, மஞ்சள் கனெக்டர்களைத் தொடாமல் (அவை ஏர்பேக்) மாற்றிவிடலாம். நேரம் எடுப்பது கோடிங். பழைய மாட்யூல் ஸ்கேனரோடு பேசும் நிலையில் இருக்கும்போதே அதன் அமைப்புகளைச் சேமித்துவிடுங்கள், கழற்றிய பிறகு நினைத்துப் பயனில்லை. பார்ட் எண் கடைசி எழுத்துவரை பொருந்த வேண்டும். வெளியே ஒரே பெட்டி, உள்ளே ஃபாக் லைட்டுக்குக் கரன்ட் விடும் சர்க்யூட் இல்லாத ரகங்கள் உண்டு. பிறகு 17 எழுத்துச் சேசிஸ் எண்ணை ஏற்ற வேண்டும், வண்டியில் என்னென்ன வசதி இருக்கிறது என்று சொல்லிக்கொடுக்க வேண்டும், சாவிகளைப் பதிய வேண்டும். வீட்டில் இருக்கும் எல்லாச் சாவிகளையும் எடுத்துப் போங்கள். பல வண்டிகளில் பதியும்போது பழைய பட்டியல் மொத்தமும் அழிந்துவிடும், அன்று வராத சாவி வெறும் இரும்பு. சாஃப்ட்வேர் ஏறும்போது வோல்டேஜ் சரிந்தால் புது மாட்யூல் அங்கேயே கல்லாகிவிடக்கூடும், அதனால் நிலையான பவர் சப்ளை மாட்டாமல் ஆரம்பிப்பவரிடம் வண்டியை விடாதீர்கள். எல்லாம் முடிந்தும் என் பவர் விண்டோ ஒரே தொடுதலில் ஏறவில்லை. கண்ணாடியை முழுக்க ஏற்றிச் சுவிட்சைச் சில நொடிகள் பிடித்திருந்ததும் எல்லையைக் கற்றுக்கொண்டது.

உங்கள் மெக்கானிக்கிடம் சண்டை போட வேண்டாம். “எந்தப் பின்னில் பார்த்தீர்கள், என்ன வந்தது?” என்று மட்டும் கேளுங்கள். பதில் இருந்தால் அவரை நம்பலாம். அதற்கு முன் நீங்களே மிதியடியின் அடியில் கைவைத்துப் பாருங்கள். கதவுக்கும் பாடிக்கும் நடுவே இருக்கும் ரப்பர் உறைக்குள் வயர் ஒடிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். தினமும் மடங்கி மடங்கி அங்கேதான் முதலில் அறும். பின்னாளில் மாட்டிய அலாரம், எல்இடி பல்பு ஏதாவது இருந்தால் அதையும் கழற்றிவைத்துச் சோதியுங்கள்.

பரணில் கிடக்கும் அந்த உடைப்பு வண்டி மாட்யூலைப் போன வாரம் இறக்கிப் பார்த்தேன். அதன் பின்களிலும் பச்சைக் களிம்பு.