ஐம்பதாம் பக்கத்தில் நின்றுபோகும் கணித நூல்கள்

கேள்வி: பி.எஸ்சி. கணிதம் முடித்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. இப்போது வங்கி வேலை. விட்ட தொடர்பைப் பிடிக்கலாம் என்று, எல்லோருக்குமாக எழுதப்பட்ட கணித நூல்களை வாங்குகிறேன். ஐம்பது பக்கம் ஓடுகிறது. அப்புறம் அலமாரிக்குப் போய்விடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: எந்த நூல்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலும் மேதைகளின் கதைகளாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். ராமானுஜனின் வறுமையும் 1729 டாக்ஸியும் யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் கதை தெரிந்துவிட்டால் அங்கே நமக்கு வேலை இல்லை. அவற்றைப் பேருந்துப் பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மேசையில் உட்கார்ந்து படிக்க, அதே ராமானுஜனை கேம்பிரிட்ஜுக்கு அழைத்த ஹார்டி 1940இல் வெளியிட்ட 'எ மேத்தமெட்டீஷியன்ஸ் அப்பாலஜி'யை எடுங்கள். மெல்லிய நூல். வயதானவரின் புலம்பல் கொஞ்சம் அதிகம்தான், அதைத் தாண்டிவிடலாம். நடுவில் பகா எண்களுக்கு முடிவில்லை என்ற யூக்ளிடின் நிரூபணம் வரும். அங்கே பென்சில் எடுங்கள்.

பகா எண்களை வரிசையாகப் பட்டியலிட்டு, அவற்றைப் பெருக்கி ஒன்றைக் கூட்டுங்கள்: 2×3+1 = 7. ஐந்தையும் சேர்த்துப் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 31. அடுத்து 211, பிறகு 2311. எல்லாமே பகா எண்கள். எப்போதும் இப்படித்தான் வரும்போல என்று தோன்றும். 13ஐயும் சேருங்கள்: 30031. இதை 17, 19, 23 என்று வகுத்துக்கொண்டே போனால் பதினோராவது வகுத்தலில் மாட்டும்: 59×509. அப்படியென்றால் யூக்ளிட் தவறா? இல்லை. கிடைக்கும் எண் பகா எண் என்று அவர் சொல்லவே இல்லை. பட்டியலில் உள்ள எதனால் வகுத்தாலும் மீதி 1. ஆகவே அதை வகுக்கும் பகா எண் பட்டியலுக்கு வெளியே இருந்தாக வேண்டும், அவ்வளவுதான். தேர்வுக்கு இதை மனப்பாடம் செய்தவர்கள்கூட இந்த இடத்தில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

இதற்கு அரை மணி நேரம் ஆகும். ஒரு வாரத்துக்கு அது போதும்.

ஹார்டி கடினமாகத் தெரிந்தால் யாகொவ் பெரெல்மானின் 'அல்ஜிப்ரா கேன் பி ஃபன்'. (புவான்கரே கணிப்பை நிரூபித்த பெரெல்மான் வேறு, இவர் 1942இல், முற்றுகையிலிருந்த லெனின்கிராடில் இறந்தவர்.) மாஸ்கோ மீர் பதிப்பக நூல்; பழைய புத்தகக் கடைகளில் தேடிப் பாருங்கள்.

ஹார்டியில் அடுத்து வருவது √2 விகிதமுறா எண் என்ற நிரூபணம். படித்து முடித்ததும் நூலை மூடிவிட்டு √3க்கு நீங்களே எழுதுங்கள். பிறகு அதே வழியில் √4க்கும் முயலுங்கள். அதன் மதிப்பு 2தானே, நிரூபணம் எங்கேயாவது உடைந்தாக வேண்டும். எந்த வரியில் உடைகிறது என்று கண்டுபிடிக்கும்வரை பக்கத்தைத் திருப்பாதீர்கள்.