வயதானவர்களுக்கு ஏன் தாகமே எடுப்பதில்லை?

வெயில் கொளுத்தும்போதும் தாத்தா பாட்டி தண்ணீர் கேட்பதில்லையே, ஏன்? உள்ளே போவதைவிட அதிக நீர் உடம்பிலிருந்து வெளியேறுவதுதான் நீரிழப்பு. இளவயதில் ரத்தத்தில் உப்பின் அடர்த்தி கொஞ்சம் கூடினாலே மூளை தாகத்தைக் கிளப்பிவிடும். 65 வயதுக்கு மேல் அந்த உணர்வு மந்தமாகிறது. சிறுநீரகமும் முன்போல நீரைச் சேமிப்பதில்லை. பெட்ரோல் முள் பழுதான ஸ்கூட்டர் மாதிரி: டேங்க் காலி, முள் மட்டும் பாதியில் நிற்கும்.

அதனால் சிறுநீர் அடர்மஞ்சளாகப் போகிறதா, எழுந்ததும் தலை சுற்றுகிறதா என்று பாருங்கள். வெறும் தண்ணீரை வற்புறுத்துவதைவிட மோர், ரசம், கஞ்சி என்று கொடுத்தால் சண்டையில்லாமல் உள்ளே போகும். (இதய, சிறுநீரக நோயாளிகளுக்கு டாக்டர் சொன்ன அளவுதான்.)

அப்புறம், டீ, காபி உடம்பை வறட்டிவிடும் என்பார்கள். அளவாகக் குடித்தால் அதுவும் நீர்க் கணக்கில்தான் சேரும்.