மூன்றரை லட்சம் கொடுத்தால் மகள் பேராசிரியர் ஆகிவிடுவாளா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மகள் எம்.ஏ. தத்துவம், 58 சதவீதம். மனித அனுபவத்தை ஆராயும் 'பினாமினாலஜி' என்ற தத்துவப் பிரிவில் ஆராய்ச்சி செய்து பேராசிரியர் ஆக வேண்டும் என்கிறாள். மூலக்கடையில் ஒருவர், 3.5 லட்சம் கொடுத்தால் வெளிமாநிலத்தில் இரண்டே வருடத்தில் பிஎச்.டி., கல்லூரி ஆசிரியர் வேலைக்கான நெட் தகுதித் தேர்வே வேண்டாம் என்கிறார். நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள் ஐயா. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2022ஆம் ஆண்டு விதிப்படி பிஎச்.டி.க்குக் குறைந்தது 3 வருடம் ஆகும். இரண்டு வருடத்தில் முடித்துத் தருகிறேன் என்பவர் பட்டத்தைத் தரமாட்டார், பேப்பரைத்தான் தருவார்.

'நெட் வேண்டாம்' என்பதை மட்டும் கொஞ்சம் விளக்க வேண்டும். பிஎச்.டி. வாங்கியவருக்கு உதவிப் பேராசிரியர் பணிக்கு நெட் விலக்கு உண்டு என்பது உண்மை. ஆனால் அது யு.ஜி.சி. விதிப்படி முறையாகச் செய்த பிஎச்.டி.க்கு மட்டும்தான். சேர்க்கை ஒழுங்காக நடந்திருக்க வேண்டும், பாட வகுப்புகளை முடித்திருக்க வேண்டும், வெளித் தேர்வாளர்கள் ஆய்வேட்டைப் படித்திருக்க வேண்டும், வாய்மொழித் தேர்வு பலர் முன்னிலையில் நடந்திருக்க வேண்டும். தபாலில் படித்த பிஎச்.டி. செல்லாது. சான்றிதழ் சரிபார்ப்பில் இதையெல்லாம் தோண்டுவார்கள். அந்த நேரத்தில் மூலக்கடைக்காரர் போனை எடுக்கமாட்டார்.

சில வருடங்களுக்கு முன் ஒரு நேர்காணல் குழுவில் இருந்தேன். புளியந்தோப்பிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். கையில் அழகாக பைண்டு செய்த ஆய்வேடு, பினாமினாலஜியைத் தொடங்கி வைத்து ஜெர்மன் மொழியில் எழுதிய தத்துவ அறிஞர் ஹூசர்ல் பற்றி. 'உலகத்தை அடைப்புக்குறிக்குள் வைப்பது என்று அவர் சொல்கிறாரே, என்னம்மா அது?' என்று கேட்டேன். இந்தத் துறையில் முதல் மாதமே வரும் பாடம் இது. காசிமேட்டில் ஓர் அம்மா செவுளைத் தூக்கிப் பார்த்து 'இது நேத்து மீன்' என்கிறார். மீனின் வேதியியலை ஓரமாக வைத்துவிட்டு (அதுதான் அடைப்புக்குறி), அந்தப் பழசு அவருக்கு எப்படித் தெரிய வருகிறது என்பதை அப்படியே விவரிப்பதுதான் ஆரம்பம். அந்தப் பெண் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தாள். அம்மாவின் நகையை அடகு வைத்து எழுதி வாங்கியதாம், வெளியே போய் அழுதாள். எழுதிக் கொடுத்தவன் மீது எனக்கு இன்றும் கோபம் தீரவில்லை.

சரி, மகள் என்ன செய்யலாம்? 58 சதவீதம் போதும், 55தான் கேட்கிறார்கள். நெட் எழுதட்டும். தத்துவத் தாளின் பாடத்திட்டத்திலேயே ஹூசர்லும் அவர் வழியில் வந்த ஹைடெக்கரும் இருக்கிறார்கள். அதன் மூலம் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், நீங்கள் கடன் வாங்க வேண்டாம். பிஎச்.டி.க்கு வழிகாட்டும் பேராசிரியரை நேரில் பார்த்துப் பேசட்டும். விம்கோ நகர் மெட்ரோவில் வந்து அரசினர் தோட்டத்தில் இறங்கினால் சேப்பாக்கம் பக்கம்தான், சென்னைப் பல்கலைக்கழகத்தின் ராதாகிருஷ்ணன் தத்துவ ஆய்வு நிறுவனம் அங்கே இருக்கிறது. ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேருக்கு மேல் வழிகாட்ட முடியாது, இடம் காலியாக இருக்கிறதா என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள்.

ஜெர்மன் மொழியும் ஆரம்பிக்கட்டும். இந்தத் துறையில் பெயர் பெற்றவர், கட்டாக்கில் பிறந்த ஜே.என்.மொஹந்தி. அவர் 1954இல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் முனைவர் பட்டம் வாங்கினார், கல்கத்தாவில் பாடம் நடத்தினார், அப்புறம் அமெரிக்காவில் பேராசிரியராக இருந்தார். ஹூசர்லையும் வேதாந்தத்தையும் மூல மொழியில் படித்தவர் அவர்.

வேலை உடனே கிடைக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஹூசர்லே ஹாலே நகரில் 1887 முதல் 1901 வரை நிலையான பதவி இல்லாமல் பாடம் நடத்தினார். அது அந்தக் காலம். இன்றைக்கும் இங்கே காலியிடங்களை வருடக்கணக்கில் நிரப்பாமல் கௌரவ விரிவுரையாளர்களை வைத்தே ஓட்டுகிறார்கள். 2024 ஜூனில் நெட் தேர்வு நடந்த மறுநாளே அதை ரத்து செய்தார்கள். படிக்கிற பிள்ளைகளை இவ்வளவு அலையவிடுவதால்தான் தரகர்களுக்குக் கடை நடக்கிறது.

மகளின் ஒரிஜினல் சான்றிதழ்கள் எதையாவது அந்த ஆளிடம் கொடுத்திருந்தால், நாளைக்கே போய் வாங்கி வந்துவிடுங்கள்.