தராசு சொல்லட்டும், ஃபார்ம் கேட்கட்டும்

கேள்வி: சி ஷார்ப் வின்ஃபார்ம்ஸில் மளிகைக் கடைக்கு பில்லிங் எழுதுகிறேன். எலக்ட்ரானிக் தராசின் எடையை சீரியல் போர்ட் வழியே படிக்கத் தனி கிளாஸ் உண்டு. அது நேரடியாக ஃபார்மின் டெக்ஸ்ட்பாக்ஸில் எழுதியதை ஈவன்ட்டுக்கு (எடை வந்ததும் கேட்பவர்களுக்கு அறிவிக்கும் முறைக்கு) மாற்றினேன். இப்போது ‘கிராஸ் த்ரெட்’ பிழை வருகிறது. ஃபார்மை மூடித் திறந்தால் ஒரே எடை டேட்டாபேஸில் இரண்டு முறை ஏறுகிறது. பழையபடியே விட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம், மாற்றியது சரிதான். ஃபார்ம் என்று ஒன்று இருப்பதே தராசு கிளாஸுக்குத் தெரியக்கூடாது. நாளைக்கு லேபிள் பிரிண்டரும் எடை கேட்டால், தராசு கிளாஸில் ஒரு வரிகூட மாறாது.

ஈவன்ட்ஆர்க்ஸிலிருந்து ‘எடைத்தகவல்’ என்றொரு கிளாஸை உருவாக்கி, அதில் டெசிமல் வகையில் ‘கிலோ’ என்ற ப்ராப்பர்ட்டி வையுங்கள். கெட் (படிப்பது) மட்டும் போதும். கேட்கும் எல்லாருக்கும் ஒரே ஆப்ஜெக்ட்தான் போகிறது. செட் (மாற்றுவது) திறந்திருந்தால் முதல் ஆள் மாற்றிய எடைதான் அடுத்தவருக்குக் கிடைக்கும். தராசு கிளாஸில் ஈவன்ட்ஹேண்ட்லர்<எடைத்தகவல்> வகையில் ‘எடைவந்தது’ என்ற ஈவன்ட். அதை எழுப்பும் வரி:

எடைவந்தது?.இன்வோக்(திஸ், தகவல்);

அந்தக் கேள்விக்குறியை விட்டால், யாரும் கேட்காத நேரத்தில் நல் (null) ரெஃபரன்ஸ் பிழை வந்து நிற்கும்.

இனி கிராஸ் த்ரெட். ஈவன்ட்டை எழுப்புவது சாதாரண மெத்தட் அழைப்புதான். எழுப்பிய த்ரெட்டிலேயே (நிரலுக்குள் இணையாக ஓடும் ஒரு வேலைத்தொடர்) ஹேண்ட்லரும் (ஈவன்ட்டைக் கேட்கும் மெத்தட்) ஓடும். தரவு வந்ததைச் சொல்லும் சீரியல்போர்ட்டின் டேட்டாரிசீவ்டு ஈவன்ட் வருவதோ வேறு த்ரெட்டில். டெக்ஸ்ட்பாக்ஸை, அதை உருவாக்கிய த்ரெட்தான் தொடலாம். எனவே ஃபார்மின் ஹேண்ட்லரில் பிகின்இன்வோக் போட்டு எழுதுங்கள். அது வேலையைத் திரை த்ரெட்டிடம் ஒப்படைத்துவிட்டு, காத்திருக்காமல் திரும்பிவிடும். வேலை முடியும்வரை காத்திருக்கும் ஃபார்மின் இன்வோக்கைப் போட்டால், ஃபார்மை மூடும் நேரத்தில் சிக்கல்: ஹேண்ட்லர் முடியட்டும் என்று போர்ட்டின் க்ளோஸ் காத்திருக்கும், திரை த்ரெட் வரட்டும் என்று ஹேண்ட்லர் காத்திருக்கும். நிரல் அப்படியே உறைந்துவிடும்.

இன்னொன்று: டேட்டாரிசீவ்டு ஒருமுறை வந்ததும் முழு எடையும் வந்துவிட்டது என்று நம்பாதீர்கள். 12.350 என்பது ‘12.3’, ‘50’ என்று துண்டாகவும் வரும். உங்கள் தராசு அனுப்பும் வரிமுடிவுக் குறி வரும்வரை சேர்த்துவைத்து, பிறகே ஈவன்ட்டை எழுப்புங்கள். இல்லாவிட்டால் பன்னிரண்டு கிலோ அரிசிக்குப் பக்கத்தில் ஐம்பது கிலோவும் பில்லில் ஏறும்.

இரட்டைப் பதிவுக்குக் காரணம், ஈவன்ட்டில் சேர += போட்டதற்கு, விலக -= போடாதது. தராசு ஆப்ஜெக்ட் நிரல் முடியும்வரை இருக்கிறது. மூடிய பழைய ஃபார்மை அதன் ஈவன்ட் இன்னும் பிடித்து வைத்திருக்கிறது. பயன்படாத ஆப்ஜெக்ட்களை நினைவகத்திலிருந்து அகற்றும் கார்பேஜ் கலெக்டரும் அதைத் தொடாது. ஃபார்ம்க்ளோஸ்டில் -= போடுங்கள். லாம்டாவாக (பெயரில்லாத மெத்தடாக) எழுதியிருந்தால், அதே லாம்டாவை மறுபடி எழுதி -= போடுவது பலிக்காது, பிழைச் செய்தியும் வராது. பெயருள்ள மெத்தடாக வையுங்கள். டேட்டாபேஸ் வேலைக்கு ஃபார்ம் இடமே அல்ல. ஒரே முறை ஈவன்ட்டில் சேரும் தனி கிளாஸுக்கு அதை நகர்த்துங்கள்.

கேள்வி: மூன்று கிளாஸ்கள் ஒரே ஈவன்ட்டைக் கேட்கின்றன. இரண்டாவதில் எக்ஸெப்ஷன் வந்தால் மூன்றாவது ஓடுவதில்லையே?

பதில்: ஹேண்ட்லர்கள் சேர்ந்த வரிசையில் ஓடும், ஒன்று விழுந்தால் மீதி நிற்கும். கெட்இன்வொகேஷன்லிஸ்ட் தரும் ஹேண்ட்லர் பட்டியலை லூப்பில் ஓட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனி ட்ரை கேட்சுக்குள் அழையுங்கள். கேட்சைக் காலியாக விடாமல், பிழையை லாகில் எழுதுங்கள்.